கூலியும் லைனும்: தங்கவயலில் இரண்டு சொற்களின் சரித்திரம்



இவ்வாண்டுச் சொற்பொழிவுக்குரிய பொருளை நானே தேர்ந்துகொள்ளலாம் என்று இதை நடத்தும் அறக்கட்டளையினர் அன்புடன் அனுமதித்தபோது, தங்கத்தைப் பற்றியோ சுரங்கத்தைப் பற்றியோ பேசுவது கோலார் தங்கவயலுக்குப் புதிதாகாது என்று கருதி, இவ்வூர் மக்களின் வாயில் நாள்தோறும் புழங்குகிற இரண்டு ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொண்டேன். ஒன்று கூலி, மற்றொன்று லைன். முதற்சொல்லை ஆங்கிலச் சொல் என்று நான் கூறுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம்மிடமிருந்து சென்றது என்று பலரும் கருதும் அச்சொல், ஆங்கிலத்தில் புகுந்தபின் வேறொரு ஜன்மம் எடுத்து, அந்த ஜன்மத்தின் பாவங்களையெல்லாம் சுமந்துகொண்டு நம்மிடமே திரும்பி வந்தது என்பதை இச்சொற்பொழிவில் எடுத்துரைக்க விரும்புகிறேன். இரண்டாவது சொல்லோ அசல் ஆங்கிலச் சொல். அது இங்கே வந்து நம் மக்களின் கையில் அடைந்த கதி முற்றிலும் வேறானது. சுரங்கக் கம்பெனியின் காகிதங்களில் இவ்விரண்டும் ‘கூலி லைன்ஸ்’ என்ற ஒரே தொடராகச் சேர்ந்து நின்றவை. ஆகையால் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பேசுதல் இயலாது.

1. கொச்சையின் இரு வகை

கொச்சை வழக்கைப் பற்றிப் பேசப் புகும்போது நமக்கு வழிகாட்டியாக நிற்பது நன்னூல். தகுதி வழக்கின் மூன்று வகைகளில் ஒன்றாகக் குழூஉக்குறியைப் பவணந்தி முனிவர் வைத்தார். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளின் இயற்பெயரை நீக்கி வேறு பெயரால் வழங்குவது அது. அதற்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணங்களில் ஒன்று, பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்று சொல்லுதல். கொச்சைக்கு நம் இலக்கணம் காட்டிய சான்று பொன்னைப் பற்றியதாக அமைந்தது ஒரு விசேஷமென்றால், நன்னூலை இயற்றுவித்த சீயகங்கன், குவளாலபுரத்துக்கு உரியவர் என்ற விருதைச் சூடிக்கொண்ட கங்கர் குலத்தில் வந்தவன் என்பது அதனினும் விசேஷம். ஏனெனில் அந்தக் குவளாலபுரம் இன்றைய கோலாரே.

குழூஉக்குறி என்பது ஒரு கூட்டம் தனக்காகத் தானே ஆக்கிக்கொள்வது. அதில் அந்தரங்கம் உண்டு, உறவு உண்டு, சில சமயங்களில் தற்காப்பும் உண்டு. ஆனால் கொச்சையில் மற்றொரு வகையும் இருக்கிறது. ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைக் குறிக்க, அவர்கள் சம்மதத்தைக் கேளாமலே ஆக்கி, அவர்கள் நெற்றியில் ஒட்டிவிடும் சொற்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. உள்ளிருந்து பிறக்கும் கொச்சை, வெளியிலிருந்து வீசப்படும் கொச்சை என்று இவ்விரண்டையும் பிரித்துக்கொண்டால், லைன் என்பது முதல் வகைக்கும் கூலி என்பது இரண்டாம் வகைக்கும் தக்க சான்றுகளாக நிற்பதைக் காணலாம்.

2. தமிழில் கூலி

தமிழில் கூலி என்பது ஒரு மனிதனின் பெயரன்று. செய்த வேலைக்குச் சேரவேண்டிய பயனின் பெயர். திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், விதி துணை நிற்காத காரியத்திலும் உடலை வருத்திய முயற்சி தன் பயனைக் கொடுத்தே தீரும் என்று சொல்ல வந்த வள்ளுவர், அந்தப் பயனுக்கு இட்ட பெயர் கூலி என்பதுதான். தெய்வத்தையும் மனித முயற்சியையும் தராசில் நிறுத்தும் அத்தனை உயர்ந்த இடத்தில் அச்சொல்லை அவர் தயக்கமின்றிக் கையாண்டார் என்றால், அக்காலத்தில் அதன்மீது மாசு ஏதும் படிந்திருக்கவில்லை என்பது தெளிவு. மதுரையில் வந்திக் கிழவியின் பங்குக்காக வைகைக் கரையை அடைக்க வந்த இறைவன், உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு மண் சுமந்தான் என்று திருவிளையாடற் புராணம் கூறுகிறது. கூலிக்கு வேலை செய்வது இழிவு என்று நினைத்த சமூகம், தன் கடவுளைக் கூலியாளாக்கி அவன் முதுகில் பட்ட பிரம்படியைத் தன் முதுகிலும் வாங்கிக்கொண்ட கதையை ஆண்டுதோறும் திருவிழாவாகக் கொண்டாடியிராது.

வேலை செய்பவனைக் குறிக்கத் தமிழ், கூலியோடு ஓர் உறுப்பைச் சேர்த்தே வந்தது: கூலியாள், கூலிக்காரன் என்று. ஆள் வேறு, அவன் பெறும் கூலி வேறு என்ற பேதத்தை மொழி இவ்வாறு காத்தது. அறுப்புக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டிக்கூலி என்று தொழிலையொட்டி எத்தனை கூட்டுச்சொற்கள் பிறந்தாலும், அவற்றில் ஒன்றேனும் மனிதனைச் சுட்டுவதில்லை. கூலிக்கு மாரடித்தல், கூலிப்படை என்னும் வழக்குகளில் நிந்தை இருக்கிறதே என்று கேட்கலாம். இருப்பது உண்மையே, ஆயினும் அந்த நிந்தை, அன்பினாலோ கடமையினாலோ செய்யவேண்டியதைக் காசுக்காகச் செய்கிறவனை நோக்கியது, உழைத்து உண்பவனை நோக்கியதன்று.

3. ஆங்கிலத்தில் கூலி

இச்சொல் ஐரோப்பியர் வாயில் எப்படிப் புகுந்தது என்பதில் அறிஞரிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. கூர்ஜரத்துக் கோலி என்னும் குலத்தாரின் பெயரிலிருந்து பிறந்தது என்பது ஒன்று. தமிழ்க் கூலியிலிருந்து பிறந்தது என்பது மற்றொன்று. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் அவருடைய நண்பர் யூலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்கோவை இரண்டையும் எடுத்துப் பேசுகிறது. மூலம் எதுவாயினும், ஊதியத்தைக் குறிக்கும் நம் சொல் ஐரோப்பியர் செவியில் விழுந்து, வேலையாளுக்கு அவர்கள் இட்ட பெயரை உறுதிப்படுத்திற்று என்பதை ஏற்பதில் தடையில்லை. இந்த இடத்தில்தான் பேதம் அழிந்தது. கூலி பெறுபவன் என்பது போய், அவனே கூலி என்றாயிற்று.

பிறகு அச்சொல் கப்பலேறிற்று. சீனத்தில் அது ‘துன்பம்’, ‘வலிமை’ என்ற இரண்டு எழுத்துக்களால் எழுதப்பட்டு, ஒலியோடு ஒரு துயரமான அர்த்தத்தையும் சேர்த்துக்கொண்டது. அடிமை முறை ஒழிந்த காலத்தில், 1834 முதல், மொரீஷியஸ் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தின்பேரில் சென்றவர்கள் இறங்கிய துறைக்குக் கூலி காட் என்று பெயர் வழங்கிற்று. 1987-இல் அதை ஆப்ரவாசி காட், அதாவது புலம்பெயர்ந்தோர் துறை என்று மாற்றிக்கொண்டார்கள். 2006-இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாயிற்று. தென்னாப்பிரிக்காவில் இந்தியர் யாவரும், அவர் வியாபாரியானாலும் பாரிஸ்டரானாலும், கூலிகளே. காந்தியடிகள் அங்கே கூலி பாரிஸ்டர் என்று அழைக்கப்பட்டதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அதே நூலில் அவர் இன்னொரு வசைச்சொல்லையும் குறிப்பிடுகிறார். நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்ற தமிழர் பலருடைய பெயர் சாமி என்று முடிந்ததால், வெள்ளையர் அவர்களைப் பொதுவாகச் ‘சாமி’ என்று கூப்பிட்டார்கள். சாமி என்பது எஜமானைக் குறிக்கும் சுவாமி என்ற சொல்லே என்பதைக் காந்தியடிகள் விளக்கி, புத்தி சாதுரியமுள்ள சில இந்தியர், நான் உமக்கு எஜமானன் அல்லவே, என்னை ஏன் சாமி என்கிறீர் என்று திருப்பிக் கேட்டதாகவும், அதைக் கேட்ட வெள்ளையர் சிலர் கூசினர், சிலர் கோபங்கொண்டனர் என்றும் கூறுகிறார். ஆண்டவனைக் குறிக்கும் சொல்லே ஏவலாளின் பெயராகிவிட முடியுமென்றால், இழிவு சொல்லின் அட்சரங்களில் இல்லை, அதைச் சொல்கிறவன் நிற்கும் மேட்டில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

4. தங்கவயலில் கூலி

இனித் தங்கவயலுக்கு வருவோம். மைக்கேல் லவெல் என்னும் ஐரிஷ்காரர் 1875-இல் மைசூர் அரசாங்கத்தினிடம் பெற்ற சுரங்க உரிமை கைமாறி, 1880-இல் லண்டன் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் ஸ்தாபனத்தார் இங்கே கால்வைத்த பின், வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். ஊரில் அவர்களுடைய முன்னோர் அநேகர் படியாட்களாக இருந்தவர்கள். உழைப்புக்கு ஈடாகப் படியளந்த தானியத்தைப் பெற்றவர்கள். அந்தப் படியால் தலைமுறை தலைமுறையாக ஒரு பண்ணையோடு கட்டப்பட்டவர்கள். தங்கவயலிலோ அவர்கள் கையில் விழுந்தது காசு. சுரங்கத்தின் இருட்டும் வெக்கையும் பாறை வெடிப்பும் எத்தனை கொடியவையாயினும், அந்தக் காசை எந்தக் கடையில் செலவழிப்பது, எந்தப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவது என்பதைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரம் படியாளுக்கு இருந்ததில்லை. ஆகவே எஜமானர் வாயில் வசையாக ஒலித்த அதே கூலி, தொழிலாளியின் கணக்கில் விடுதலையின் முதல் அடையாளமாக இருந்தது. ஒரே சொல் ஒரே ஊரில் ஒரே நாளில் இவ்விதம் இருவேறு அர்த்தங்களைத் தாங்கி நின்றதை நம் சரித்திராசிரியர்கள் இன்னும் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

இங்கே வந்தவர்கள் பெயர்களின் அரசியலை அறியாதவர்களும் அல்லர். 1907-இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், ஒரு ஜனக்கூட்டத்தாரின்மீது பிறர் சுமத்திய பெயர்களே அவர்களைத் தாழ்த்தி வைக்கும் கருவிகளானதை ஆயுள் முழுவதும் எழுதி வந்தார். அவருடைய பௌத்த இயக்கத்துக்குத் தங்கவயலைச் சேர்ந்த மாரிக்குப்பம் ஓர் உறுதியான கோட்டையாக இருந்தது. அவர் காலத்துக்குப் பின் அந்தத் தமிழன் இதழை அவ்வியக்கத்தைச் சேர்ந்த அப்பாதுரையார் இந்தத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். சுரங்கக் கம்பெனி தொழிலாளர்களைக் குற்றவாளிகளைப்போல விரல்ரேகை எடுத்துப் பதிவு செய்ய முயன்றபோது, 1930-இல் இங்கே மூண்ட பெரிய வேலைநிறுத்தத்தை நாம் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். தம் கைரேகையைக் காகிதத்தில் பதித்துக் கொடுக்க மறுத்த அந்த மனிதர்கள், எண்ணிக்கையில் ஓர் எண்ணாகத் தம்மை ஆக்கிவிடும் பார்வையையே மறுத்தார்கள் என்பது என் கருத்து.

5. லைன்

லைன் என்ற சொல்லின் அடிவேர் லத்தீன் மொழியில் ஆளி நாரையும் அந்த நாரால் திரித்த நூலையும் குறித்தது. நூலிலிருந்து கோடும், கோட்டிலிருந்து வரிசையும் பிறந்தன. இந்தியாவில் ஆங்கிலப் பட்டாளத்தார், சிப்பாய்கள் தங்கும் குடில்கள் நேர் வரிசையில் அமைந்ததால் அவற்றை லைன்ஸ் என்றனர். சிங்கப்பூரில் இன்றும் சிப்பாய் லைன்ஸ் என்ற பெயர் தமிழர் நினைவில் நிற்கிறது. அலகாபாத்திலும் டில்லியிலும் பெரிய உத்தியோகஸ்தர்களின் மாளிகைகள் நின்ற இடம் சிவில் லைன்ஸ். ஆக, லைன்ஸ் என்பது தனியே இழிவும் தரவில்லை, பெருமையும் தரவில்லை; முன்னால் நிற்கும் அடைமொழியே அதற்குக் குணத்தைக் கொடுத்தது. தங்கவயலில் அந்த அடைமொழி கூலி.

தொடக்கத்தில் இந்தக் கூலி லைன்ஸ் மூங்கில் தட்டியும் மண்ணும் கொண்டு எழுப்பிய குடிசைகள்; பிற்காலத்தில் தகரமும் செங்கல்லும் வந்தன. ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளும்; குனிந்து நுழையும் வாசல்; ஓர் அறையே அடுப்படியும் படுக்கையும் பூஜை இடமும்; வாசலுக்கு எதிரே அதேபோன்ற இன்னொரு வரிசை; தண்ணீருக்குப் பொதுக் குழாய். இரவு ஷிப்ட் முடித்து வந்தவன் பகலில் கண்ணயர வேண்டுமென்றால் அடுத்த வீட்டுக் குழந்தை அழாமலிருக்க வேண்டும். ஆகையால் அவன் எந்த ஷிப்ட் என்பது வரிசையிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்த நெருக்கம் தொந்தரவாகவும் துணையாகவும் ஒருங்கே இருந்தது. சுரங்கத்தில் விபத்து என்று செய்தி வந்தால், எந்த வீட்டு ஆள் கீழே இருக்கிறான் என்று கேட்டறிய வேண்டிய அவசியம் எவருக்கும் நேரவில்லை.

இந்த வாழ்விலிருந்துதான் லைன் என்ற சொல் தன் புதிய அர்த்தத்தைப் பெற்றது. ‘நீ எந்த லைனுப்பா?’ என்று ஒரு முதியவர் ஓர் இளைஞனைக் கேட்டால், அவன் பிறந்த தெரு, அவன் பெற்றோர், அவன் கோவில் அல்லது சர்ச், அவன் கால்பந்துக் கோஷ்டி ஆகிய இத்தனையும் அக்கேள்வியில் அடங்கும். ‘எங்க லைன்ல ஒரு சாவு’ என்று ஒருவர் சொன்னால், அவர் அன்று வேலைக்குப் போகமாட்டார் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. சொந்த ஊர் என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதையே இவர்கள் லைன் என்றார்கள். இளைஞர் பேச்சில் காதல் நோக்குடன் பின்தொடர்வதை லைன் போடுதல், லைன் அடித்தல் என்று தமிழகமெங்கும் கூறும் கொச்சையும், பகட்டிப் பேசுவதையும் வசப்படுத்தும் பேச்சையும் லைன் என்று கூறும் ஆங்கிலக் கொச்சையும் உண்டு. அவையும் இவ்வூரில் புழங்குகின்றன. ஆயினும் அவற்றால் இந்த மூல அர்த்தத்துக்கு எவ்விதப் பங்கமும் நேரவில்லை. கேட்பவர் எவரும் மயங்குவதுமில்லை.

இலங்கையின் மலையகத்தில் இதே சொல் லயம் என்றாயிற்று. அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வீடு லயத்துக் காம்பரா. அந்த மக்கள் தம்மை மலையகத் தமிழர் என்று பெருமையுடன் அழைத்துக்கொண்டு, 2023-இல் தம் வருகையின் 200-ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தபோது, அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது லயத்துக்கு மாற்றாகச் சொந்த நிலமும் தனி வீடும். ஆதலால் லைன் வாழ்வை நான் அழகுபடுத்திக் காட்டுவதாக எவரும் எண்ணவேண்டாம். சொல்லில் மனிதர் நிரப்பிய அன்பு வேறு. அந்தச் சுவர்களைக் கட்டியவர்கள் கொடுக்க மறுத்த வசதி வேறு. முன்னதைப் போற்றுவதால் பின்னதை மன்னித்ததாகாது.

6. ஒப்பீடு

இவ்விரண்டு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் அரிய உண்மை புலப்படும். அது ஒருமை பன்மை சம்பந்தமானது. தமிழில் கூலி என்பது ஒருமை. எத்தனை ரூபாய் கூலி என்று கேட்போமேயன்றி எத்தனை கூலிகள் என்று கேட்பதில்லை. ஆங்கிலம் அதை எண்ணக்கூடிய பெயராக்கி, இத்தனை கூலிகள் என்று மனிதரை மூட்டைகளைப்போல எண்ணத் தொடங்கிற்று. ‘கூலிகள்’ என்று இன்று நாம் எழுதும்போது, அந்தப் பன்மை விகுதி தமிழாக இருந்தாலும் அதற்குள் இருக்கும் பார்வை நம்முடையதன்று. லைன்ஸ் என்பதோ ஆங்கிலத்தில் பெரும்பாலும் பன்மை. பங்களாவின் வராந்தாவிலிருந்து பார்க்கிறவனுக்கு அது ஒன்றுபோல் ஒன்றாக நீளும் பல வரிசைகளின் கூட்டம். அதனுள் வாழ்ந்த தமிழனோ பன்மையைக் கழற்றிவிட்டு ‘எங்க லைன்’ என்று ஒருமையாக்கிக்கொண்டான். தனித்த மனிதனைக் கும்பலாக்கியது அவர்கள் செய்த மாற்றம். கும்பலாகக் கண்டதைத் தனித்த ஓர் இடமாக, பெயரும் முகமும் உள்ளதாக ஆக்கியது நம் மக்கள் செய்த மாற்றம். எவரும் இவர்களுக்கு இந்த இலக்கணத்தைக் கற்பிக்கவில்லை. வாழ்ந்தவர்கள் வாழ்ந்த விதத்தில் சொல்லைத் திருத்தினார்கள்.

7. இன்றைய நிலை

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசுடைமையாகி, பின்னர் மத்திய அரசிடம் சென்று, 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாகி, 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இன்று நீர் நிறைந்து கிடக்கிறது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் ரயிலில் இவ்வூரின் ஆண்களும் பெண்களும் பெங்களூருக்குப் போய், இருட்டிய பின் லைனுக்குத் திரும்புகிறார்கள். அவர்களை இப்போது எவரும் கூலி என்று அழைப்பதில்லை. ஸ்டாஃப் என்கிறார்கள், ஹவுஸ்கீப்பிங் என்கிறார்கள். ரயில் நிலையச் சுமைதூக்குவோரைக் கூலி என்னாமல் சகாயக் என்று அழைப்பதாக 2016-ஆம் ஆண்டு ரயில்வே பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நோக்கம் நல்லதே. ஆயினும் பெயரை மாற்றிவிட்டுக் கூலியை மாற்றாமல் விடுவோமானால், நாம் துடைத்தது வசையை மட்டுமே, வறுமையை அல்ல.

இந்த இடத்தில் உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கக்கூடிய ஒரு காகிதத்தை நினைவுபடுத்துகிறேன். எந்த நகைக் கடையின் ரசீதை எடுத்துப் பார்த்தாலும், தங்கத்தின் எடைக்கும் விலைக்கும் கீழே செய்கூலி, சேதாரம் என்று இரண்டு வரிகள் இருக்கும். செய்கூலி என்று அச்சடிப்பதில் கடைக்காரருக்கு வெட்கமில்லை. அதைக் கொடுப்பதில் வாங்குவோருக்கும் அவமானமில்லை. பொற்கொல்லரின் விரல்களுக்குச் சேரவேண்டிய மரியாதை அந்த வரியில் இன்றும் வள்ளுவர் காலத்து அர்த்தத்தோடே நிற்கிறது. அதே தங்கத்தைப் பாறையிலிருந்து பெயர்த்தெடுத்தவனின் கூலிக்கு அந்த ரசீதில் வரியில்லை. சிலிகோசிஸ் என்னும் தூசி நோயால் அவன் நுரையீரல் அடைந்த சேதாரத்துக்கும் அதில் வரியில்லை. கூலி என்ற சொல்லுக்கு ஒரு கௌரவமான இடமும் ஓர் இழிவான இடமும் நம் காலத்திலேயே பக்கம் பக்கமாக இருக்கின்றன என்றால், நாம் வெட்கப்பட வேண்டியது அச்சொல்லைக் குறித்தல்ல. இந்தப் பாகுபாட்டைக் குறித்தே.

ஆகவே கூலி என்ற சொல்லை மறைத்துவிடுங்கள் என்று நான் கூறமாட்டேன். அது நம்முடையது. அதை மனிதன்மீதிருந்து எடுத்து, அது முதலில் நின்ற இடத்தில், அதாவது அவனுடைய உழைப்புக்கு நாம் செலுத்தவேண்டிய கடனின்மீது, மறுபடியும் வையுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஒருவனைப் பார்த்துக் கூலி என்பது வசை. ஒருவனுக்குக் கூலி எங்கே என்பது நியாயம்.

8. ஒரு விண்ணப்பம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த காலத்தில், இந்தச் சுரங்கங்களில் பல்லாயிரம் தமிழர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய சொற்கள், ஷாஃப்ட்டிலும் கேஜிலும் லைனிலும் வழங்கியவை, அந்த லெக்சிகனைப் போலவே முறையாகத் தொகுக்கப்பட வேண்டும். சுரங்கத்தினுள் இறங்கி வேலை செய்தவர்களில் இளையவர்களுக்கும் இன்று வயது ஏறிவிட்டது. இவ்வூர்க் கல்லூரிகளில் தமிழ் பயிலும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் பாட்டனாரிடம் உட்கார்ந்து, அவர் பயன்படுத்திய கருவி ஒவ்வொன்றின் பெயரையும், அபாயம் ஒவ்வொன்றின் பெயரையும், மேலதிகாரி ஒவ்வொருவருக்கும் அவர்கள் தமக்குள் இட்டிருந்த பட்டப்பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்பதோடு நிறுத்திவிடாமல், யார் யாரிடம் எப்போது சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உரையாசிரியர்கள் பொற்கொல்லரின் ஒரு சொல்லைப் போற்றிக் காத்ததுபோல, பொன் எடுத்தவர்களின் சொற்களைக் காக்கும் கடமை உங்களுடையது. இந்த அறக்கட்டளையின் வருங்காலச் சொற்பொழிவாளர் ஒருவர், நீங்கள் தொகுத்த அந்த அகராதியை முன்வைத்து இந்த மேடையில் பேசுவாராயின், என் முயற்சிக்குரிய கூலி எனக்குக் கிடைத்ததாகக் கருதுவேன்.